விழுந்தால் எவ்வளவு தாங்கும்? கிரிப்டோ வாங்கும் முன் போட வேண்டிய கணக்கு

"பிட்காயின் இப்போ வாங்கலாமா?" என்று கேட்பவர் மனதில் ஓடுவது பெரும்பாலும் "இது இன்னும் ஏறுமா?" என்ற கேள்விதான். அதற்கு உறுதியான பதில் யாரிடமும் இல்லை. இருப்பதாகச் சொல்பவரிடமிருந்து தள்ளி நிற்பது நல்லது. ஆனால் பேனாவும் தாளும் எடுத்து உட்கார்ந்தால் விடை கிடைக்கிற கேள்வி ஒன்று இருக்கிறது. நான் வாங்கிய மறுநாளே இது விழத் தொடங்கினால், எவ்வளவு வரை விழுந்தாலும் என் வீட்டுச் செலவும் கடன் தவணையும் தூக்கமும் கெடாது? எவ்வளவு போடுவது, போடுவதா வேண்டாமா என்ற முடிவு இங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

ஏற்ற இறக்கம் எவ்வளவு பெரியது?

பங்குச் சந்தையிலும் விலை ஏறி இறங்கும். தங்கமும் இறங்கும். பிட்காயின் போன்ற கிரிப்டோ காயின்களில் வேறுபடுவது அளவு. பழைய விலைகளைப் பார்த்தால் புரியும். 2017 டிசம்பரில் ஒரு பிட்காயின் கிட்டத்தட்ட 20,000 டாலரைத் தொட்டது. சரியாக ஓராண்டில், 2018 டிசம்பரில், 3,200 டாலர் அளவுக்கு வந்துவிட்டது. 84 சதவீத வீழ்ச்சி. 2021 நவம்பரில் 69,000 டாலருக்கு அருகே போனது, 2022 நவம்பரில் 16,000க்கும் கீழே இறங்கியது. அது 77 சதவீதம். 2025 அக்டோபரில் 1,26,000 டாலரைத் தாண்டிய விலை, அடுத்த மாதமே 90,000க்குக் கீழே நின்றது.

மீண்டு வந்ததே என்று சொல்லலாம். வந்தது. ஆனால் 2017 உச்சத்தில் வாங்கியவர் போட்ட காசைத் திரும்பப் பார்க்க 2020 டிசம்பர் வரை, மூன்று ஆண்டுகள், காத்திருக்க வேண்டியிருந்தது. 2021 உச்சத்தில் வாங்கியவருக்கு 2024 மார்ச் ஆயிற்று. இடையில் மகள் கல்லூரிக் கட்டணமோ மருத்துவச் செலவோ வந்து விற்க நேர்ந்தவருக்கு அந்த மீட்சியால் ஒரு பயனும் இல்லை. பிட்காயினுக்கு அடுத்த பெரிய காயினான ஈதர் இன்னும் கடுமையாக ஆடும். 2018 ஜனவரியில் 1,400 டாலர், அதே ஆண்டு டிசம்பரில் 85 டாலருக்கும் கீழே.

ஏன் இப்படி ஆடுகிறது என்பது தெரிந்தால், "இந்தத் தடவை அப்படி நடக்காது" என்ற பேச்சை எடைபோட முடியும். ஒரு நிறுவனத்தின் பங்கு விழும்போது அதற்கு அடியில் லாபம், சொத்து, ஈவுத்தொகை என்று ஏதோ ஒரு தரை இருக்கிறது. வீட்டுக்கு வாடகை இருக்கிறது. பிட்காயின் எதையும் சம்பாதித்துத் தருவதில்லை. அடுத்தவர் என்ன விலை கொடுக்கத் தயாராக இருக்கிறாரோ அதுதான் அதன் விலை. வரத்தும் நெகிழாது. மொத்தம் 2.1 கோடி காயின்களுக்கு மேல் உருவாகாது. சராசரியாகப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பரிவர்த்தனைப் பதிவுகளின் ஒரு தொகுதி (பிளாக்) சேர்கிறது, 2024 ஏப்ரலிலிருந்து ஒவ்வொரு தொகுதிக்கும் புதிதாக வருவது 3.125 பிட்காயின் மட்டும். தக்காளி விலை ஏறினால் அடுத்த பருவத்தில் கூடுதலாகப் பயிரிடுவார்கள், விலை இறங்கும். இங்கே அது நடக்காது. வாங்குபவர் கூட்டம் கூடினாலும் குறைந்தாலும் அந்த மாற்றம் முழுவதும் விலையின் தலையில்தான் விழும்.

தடுப்புக் கதவும் இல்லை. 2020 மார்ச்சில் கொரோனா பீதியின்போது நம் பங்குச் சந்தைகள் 10 சதவீதம் விழுந்ததும் 45 நிமிடம் வணிகத்தை நிறுத்தின. 13ஆம் தேதி ஒருமுறை, 23ஆம் தேதி ஒருமுறை. அதே மார்ச் 12 அன்று பிட்காயின் ஒரே நாளில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் விழுந்தது. நிறுத்துவதற்கு யாரும் இல்லை. கிரிப்டோ சந்தைக்கு ஞாயிறு கிடையாது, தீபாவளி கிடையாது, இரவு இரண்டு மணிக்கும் விலை ஓடிக்கொண்டிருக்கும்.

இதற்கு மேல் எண்ணெய் ஊற்றுவது கடன் வாங்கி ஆடும் வணிகம். ஆப்களில் "10 எக்ஸ்", "25 எக்ஸ்" என்று காட்டுவார்கள். 10 எக்ஸ் என்றால் உங்கள் 10,000 ரூபாயை வைத்து ஒரு லட்சம் ரூபாய்க்கு வாங்கியதாகக் கணக்கு. விலை 10 சதவீதம் இறங்கினால் உங்கள் 10,000 முழுவதும் போய்விடும். நடைமுறையில் அந்த எல்லையைத் தொடும் முன்பே எக்ஸ்சேஞ்ச், அதாவது காயின் வாங்கி விற்கும் தளம், தானாக விற்றுவிடும். பல லட்சம் பேர் இப்படி ஆடும்போது, முதல் சரிவு சிலரின் காயின்களைக் கட்டாயமாக விற்கவைக்கிறது. அந்த விற்பனை விலையை இன்னும் இறக்குகிறது, அது அடுத்த வரிசையில் இருப்பவர்களை விற்கவைக்கிறது. 2025 அக்டோபர் 10 அன்று தொடங்கிய சரிவில் 24 மணி நேரத்துக்குள் 1,900 கோடி டாலருக்கும் மேலான கடன் வணிகங்கள் இப்படி வெட்டி மூடப்பட்டன. காயின் பின்னால் ஏறினாலும் அவர்களுக்கு ஏற ஒன்றும் மிஞ்சவில்லை. புதிதாக வருபவர் இந்தப் பக்கமே போக வேண்டாம் என்று நேராகவே சொல்கிறோம்.

சதவீதக் கணக்கு

100 ரூபாய் 50 சதவீதம் ஏறினால் 150. பிறகு 50 சதவீதம் இறங்கினால் 75. ஏற்றமும் இறக்கமும் சமம்போலத் தெரிந்தாலும் 25 ரூபாய் போய்விட்டது. 50 சதவீதம் விழுந்ததை மீட்க 100 சதவீதம் ஏற வேண்டும். 80 சதவீதம் விழுந்தால் 400 சதவீதம். 90 விழுந்தால் 900. "90 சதவீதம் விழுந்துவிட்டது, இதற்கு மேல் எங்கே விழப்போகிறது" என்று சொல்லி வாங்குபவர்கள் கவனிக்க வேண்டியது: 90 சதவீதம் விழுந்து 10 ரூபாயில் நிற்கும் காயின் மறுபடியும் 90 சதவீதம் விழுந்து ஒரு ரூபாய்க்கு வரலாம். ஒவ்வொரு படியிலும் அது சாத்தியம்.

எவ்வளவு போடலாம்

முதலில் கழிக்க வேண்டியவற்றைக் கழிப்போம். மாதம் 40,000 ரூபாய் கைக்கு வருகிறது, 28,000 செலவு என்று வைத்துக்கொள்வோம். ஆறு மாதச் செலவுக்கான 1,68,000 ரூபாய் வங்கியில், நினைத்தபோது எடுக்கும்படி, இருக்க வேண்டும். கிரெடிட் கார்டு பாக்கி, கைமாற்று, நகைக்கடன் எது ஓடிக்கொண்டிருந்தாலும் அதை அடைப்பது முதல் வேலை. கார்டு பாக்கிக்கு மாதம் 3 சதவீதம் வட்டி என்றால் ஆண்டுக்கு 36 சதவீதம். அதை அடைப்பது 36 சதவீத லாபம் உறுதியாகக் கிடைப்பதற்குச் சமம். நகையை வைத்துக் கிரிப்டோ வாங்குவது இரண்டு பக்கமும் கையைக் கடிக்கும். இங்கே விலை விழும், அங்கே வட்டி ஏறும், ஏலத் தேதி காத்திருக்காது. மூன்று, நான்கு ஆண்டுக்குள் தேவைப்படும் பணமும் வேண்டாம்.

இதெல்லாம் போக மிஞ்சுவதில், முழுவதும் தொலைந்தால்கூட வீட்டில் சண்டை வராத தொகை எவ்வளவு? சதவீதமாக யோசிக்காதீர்கள், ரூபாயாக யோசியுங்கள். "40 சதவீத நஷ்டம்" என்பது தாளில் லேசாகத் தெரியும். "எட்டு மாதச் சேமிப்பு போயிற்று" என்பது அப்படித் தெரியாது.

அந்தத் தொகை 20,000 ரூபாய் என்று வைப்போம். பிட்காயினுக்குக் கிட்டத்தட்ட 85 சதவீத வீழ்ச்சி நடந்திருக்கிறது என்பதால் 20,000ஐ 0.85ஆல் வகுத்தால் 23,500 ரூபாய் வருகிறது. அதுதான் மேல்வரம்பு. சிறிய, புதிய காயின் என்றால் 100 சதவீதம் போகும் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். அப்போது வரம்பு 20,000. ஐந்து காயினாகப் பிரித்து வாங்கினால் பாதுகாப்பு என்று நினைப்பவர்கள் உண்டு. பிட்காயின் வேகமாக விழும் நாளில் மற்றவை அதைவிட அதிகமாகவே விழுகின்றன. ஐந்து காயின் வைத்திருப்பது ஒரே ஆற்றின் கரையில் ஐந்து குடிசை போட்டதுபோல. வெள்ளம் வந்தால் எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான் வரும்.

மாதாமாதம் எஸ்ஐபிபோலப் போடுவது நல்ல பழக்கம், ஆனால் அதன் எல்லை தெரிந்திருக்க வேண்டும். ஐந்து மாதம் ஆயிரம் ரூபாய் வீதம் வாங்குகிறீர்கள். விலை 100, 60, 40, 50, 80 என்று போகிறது. கையில் சுமார் 84 காயின், சராசரி விலை 59 ரூபாய் 40 காசு, கடைசி விலையில் மதிப்பு 6,733 ரூபாய். முதல் மாத விலை இன்னும் திரும்பாதபோதே லாபம். அதே முறையில் விலை 100, 60, 20, 5, 1 என்று போனால்? 5,000 ரூபாய் போட்டு கையில் இருப்பது 1,277 ரூபாய். சராசரி செய்வது மீண்டு வரும் காயினுக்குத்தான் உதவும். செத்துக்கொண்டிருக்கும் காயினில் அது நல்ல பணத்தைக் கெட்ட பணத்தின் பின்னால் அனுப்பும் வழி.

"ஒரு பைசாதானே, வாங்கிப்போடு"

புதியவர்கள் அதிகம் விழும் குழி இது. பிட்காயின் பல லட்சம் ரூபாய், ஷிபா இனு ஒரு பைசாவுக்கும் கீழே, அதனால் ஷிபா "மலிவு", அது ஒரு ரூபாய் ஆனால் கோடீஸ்வரர் ஆகிவிடலாம் என்ற கணக்கு. ஒரு காயினின் விலை தனியாக எதையும் சொல்லாது. விலையைப் புழக்கத்தில் உள்ள காயின்களின் எண்ணிக்கையால் பெருக்க வேண்டும். வருவதுதான் சந்தை மதிப்பு. ஷிபா இனு சுமார் 589 லட்சம் கோடி காயின்கள் புழக்கத்தில் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு ரூபாய் ஆக வேண்டுமானால் மொத்த மதிப்பு 589 லட்சம் கோடி ரூபாய். 2024-25இல் இந்தியா முழுவதும் ஓராண்டில் உற்பத்தி செய்த பொருள், சேவை எல்லாவற்றின் மதிப்பே சுமார் 330 லட்சம் கோடிதான். எந்தக் காயினைப் பற்றி யார் "இது இவ்வளவு போகும்" என்று சொன்னாலும் இந்தப் பெருக்கலை ஒருமுறை போட்டுப் பாருங்கள். பாதிக் கதைகள் அங்கேயே முடிந்துவிடும்.

காயின்கெக்கோ, காயின்மார்க்கெட்கேப் போன்ற தளங்களில் ஒவ்வொரு காயினுக்கும் புழக்க எண்ணிக்கையும் அதிகபட்ச எண்ணிக்கையும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். இரண்டுக்கும் இடையே பெரிய இடைவெளி இருந்தால் மீதிக் காயின்கள் யாரிடம் இருக்கின்றன, எப்போது சந்தைக்கு வரும் என்று பாருங்கள். பெரும்பாலும் தொடங்கியவர்களிடமும் ஆரம்ப முதலீட்டாளர்களிடமும் இருக்கும், குறிப்பிட்ட தேதிகளில் பூட்டு திறக்கும். அந்தத் தேதியில் விற்க வருபவர்கள் மிகக் குறைந்த விலைக்கு வாங்கியவர்கள்.

விற்க முடிகிறதா என்பதும் பார்க்க வேண்டும். 2021 அக்டோபரில் ஒரு பிரபலத் தொலைக்காட்சித் தொடரின் பெயரைத் திருடி ஸ்க்விட் என்ற காயின் வந்தது. சில நாளில் 2,800 டாலரைத் தாண்டியது. வாங்கியவர்களால் விற்க முடியாதபடி அதன் நிரல் எழுதப்பட்டிருந்தது. நவம்பர் 1 அன்று உருவாக்கியவர்கள் பணத்தை எடுத்துக்கொண்டு போக, விலை நிமிடங்களில் பூஜ்யத்துக்கு வந்தது. திரையில் கோடுமட்டும் ஏறிக்கொண்டே போனால், இறங்கவே இல்லை என்றால், ஏன் யாரும் விற்கவில்லை என்று கேளுங்கள்.

லூனா எப்படிச் செத்தது

திருட்டுக் காயின் என்று ஒதுக்க முடியாத, உலகின் முதல் பத்தில் இருந்த காயினும் ஒரு வாரத்தில் காணாமல் போகலாம் என்பதற்கு டெர்ரா லூனா உதாரணம். அதன் அமைப்பைப் புரிந்துகொள்வது வேறு காயின்களை எடைபோடவும் உதவும்.

டெர்ரா வலைப்பின்னலில் இரண்டு காயின்கள். ஒன்று யூஎஸ்டி (UST), எப்போதும் ஒரு டாலர் மதிப்பில் நிற்கும் என்று வாக்குறுதி. மற்றது லூனா, விலை ஏறி இறங்கும். விதி இதுதான்: ஒரு யூஎஸ்டியைக் கொடுத்து அழித்தால் ஒரு டாலர் மதிப்புள்ள புதிய லூனா கிடைக்கும். யூஎஸ்டி 98 சென்ட்டுக்கு இறங்கினால் அதை வாங்கி, ஒரு டாலர் லூனாவாக மாற்றி, 2 சென்ட் லாபம் பார்ப்பார்கள். அப்படி வாங்குவதால் யூஎஸ்டி மீண்டும் ஒரு டாலருக்கு வரும். தாளில் அழகாக இருக்கிறது. அதோடு ஆங்கர் என்ற சேவையில் யூஎஸ்டியை வைத்தால் ஆண்டுக்கு 20 சதவீதம் அளவுக்கு வட்டி என்றார்கள். கூட்டம் குவிந்தது. லூனா 2022 ஏப்ரலில் 119 டாலர் வரை போனது.

மே மாதம் பெரிய அளவில் யூஎஸ்டியை விற்கத் தொடங்கினார்கள். விலை ஒரு டாலருக்குக் கீழே இறங்கியது, ஆயிரக்கணக்கானோர் அதை லூனாவாக மாற்றினார்கள். புதிய லூனா சந்தையில் குவிந்து அதன் விலை பாதியானது. இப்போது ஒரு டாலர் மதிப்புக்கு இரண்டு மடங்கு லூனா அச்சாக வேண்டும். விலை இன்னும் விழும், இன்னும் அச்சாகும். சுமார் 35 கோடியாக இருந்த லூனா சில நாளில் ஆறரை லட்சம் கோடியாகப் பெருகியது. மே 13க்குள் ஒரு லூனாவின் விலை ஒரு சென்ட்டின் சிறு துணுக்காகிவிட்டது. முந்தைய மாதம் ஒரு லட்சம் ரூபாய்க்கு வாங்கி வைத்திருந்தவருக்குத் தேநீர் காசும் தேறவில்லை.

இதிலிருந்து வாங்கும் முன் கேட்க இரண்டு கேள்விகள் கிடைக்கின்றன. புதிய காயினை யார், எந்த விதியில், எவ்வளவு வரை அச்சிடலாம்? வட்டி கொடுக்கிறார்கள் என்றால் அந்த வட்டி எங்கிருந்து வருகிறது? இரண்டாவது கேள்விக்கு ஒரு வாக்கியத்தில் தெளிவான பதில் கிடைக்கவில்லை என்றால் அந்த வட்டி வேறொரு முதலீட்டாளரின் பணம்.

வரி, கணக்கையே மாற்றிவிடும்

இந்தியாவில் இருப்பவர்கள் லாபக் கணக்கைப் போடும்போது பெரும்பாலும் மறப்பது இதைத்தான். 2022 ஏப்ரல் முதல் கிரிப்டோ லாபத்துக்கு 30 சதவீத வரி, அதன்மேல் 4 சதவீத செஸ்; ஆக 31.2 சதவீதம். உங்கள் ஆண்டு வருமானம் வரி வரம்புக்குக் கீழே இருந்தாலும் இந்த லாபத்துக்கு விலக்கு கிடையாது. எத்தனை ஆண்டு வைத்திருந்து விற்றாலும் விகிதம் குறையாது. வாங்கிய விலையைத் தவிர வேறு எந்தச் செலவையும் கழிக்க முடியாது.

கடுமையான பகுதி, ஒரு காயினில் வந்த நஷ்டத்தை இன்னொரு காயினின் லாபத்தில் கழிக்க முடியாது, அடுத்த ஆண்டுக்கும் கொண்டுபோக முடியாது. ஒரே ஆண்டில் பிட்காயினில் 60,000 ரூபாய் லாபம், இன்னொரு காயினில் 50,000 நஷ்டம் என்று வைப்போம். உண்மையில் கையில் கூடியது 10,000. வரி 60,000க்கு: 18,720 ரூபாய். ஆக அந்த ஆண்டு நீங்கள் 8,720 ரூபாய் நஷ்டத்தில் இருக்கிறீர்கள். ஏற்ற இறக்கம் மிகுந்த பல காயின்களை மாற்றி மாற்றி வாங்கும் முறை நம் வரிச் சட்டத்தின் கீழ் ஏன் ஓடாது என்பதற்கு இந்த ஒரு கணக்கு போதும். ஒரு காயினைக் கொடுத்து இன்னொன்று வாங்குவதும் விற்பனைதான். ரூபாயைக் கண்ணால் பார்க்காவிட்டாலும் வரி உண்டு.

2022 ஜூலை முதல் டிடிஎஸ்ஸும் இருக்கிறது. விற்ற மொத்தத் தொகையில் ஒரு சதவீதம், நஷ்டத்தில் விற்றாலும் பிடிப்பார்கள். ரிட்டர்ன் தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளலாம் அல்லது திரும்பப் பெறலாம். ஆனால் ஒரு லட்ச ரூபாயை வைத்துப் பத்து முறை வாங்கி விற்றால், விலை அசையாமல் இருந்தாலும் சுமார் 9,500 ரூபாய் அங்கே மாட்டிக்கொள்ளும். எக்ஸ்சேஞ்ச் கட்டணமும் அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும் தனி. தாக்கல் செய்ய ஐடிஆர்-1 படிவம் செல்லாது. சம்பளக்காரர் ஐடிஆர்-2இல் மெய்நிகர் சொத்துகளுக்கான அட்டவணையை நிரப்ப வேண்டும். ஒவ்வொரு விற்பனைக்கும் வாங்கிய தேதி, விற்ற தேதி, இரண்டு விலையும் தேவைப்படும். எக்ஸ்சேஞ்சிலிருந்து ஆண்டறிக்கையை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். ஆப் மூடிப்போனால் கணக்கும் போய்விடும்.

வரி போடுகிறார்களே, அப்படியானால் அரசு அங்கீகாரம் இருக்கிறது என்று அர்த்தமா? இல்லை. வைத்திருக்கத் தடையில்லை. 2018இல் ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குப் போட்ட தடையை 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. ஆனால் இது சட்டபூர்வ நாணயம் இல்லை, பங்குகளுக்கு செபி இருப்பதுபோல் இதற்கென்று கண்காணிப்பு அமைப்பும் இல்லை. வங்கி மூழ்கினால் ஐந்து லட்சம் வரை காப்பீடு உண்டு, எக்ஸ்சேஞ்ச் மூழ்கினால் அப்படி ஒன்றும் இல்லை.

எங்கே வாங்குவது, எங்கே வைப்பது

காயின் விழாமலேயே பணம் போகும் வழி, அதை வைத்திருக்கும் இடம் விழுவது. 2022 நவம்பரில் உலகின் மிகப்பெரிய எக்ஸ்சேஞ்சுகளில் ஒன்றான எஃப்டிஎக்ஸ் திவாலானது. வாடிக்கையாளர் பணத்தைத் தன் சகோதர நிறுவனத்துக்குத் திருப்பிவிட்டிருந்தது. அதை நிறுவியவருக்கு 2024 மார்ச்சில் 25 ஆண்டு சிறைத் தண்டனை கிடைத்தது. நம் நாட்டில் 2024 ஜூலை 18 அன்று வாசிர்எக்ஸ் எக்ஸ்சேஞ்சிலிருந்து சுமார் 23 கோடி டாலர் மதிப்புள்ள காயின்கள் திருடப்பட்டன. வணிகம் மீண்டும் தொடங்க 15 மாதம் ஆனது. திருடுபோகாத வகைக் காயின் வைத்திருந்தவர்களின் கணக்கும் சேர்ந்து முடங்கியது. அப்படி எக்ஸ்ஆர்பி வைத்திருந்த ஒருவர் தொடுத்த வழக்கில்தான் 2025 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம், கிரிப்டோ என்பது சட்டத்தின் பார்வையில் சொத்து என்று சொன்னது. அந்தத் தீர்ப்பு முதலீட்டாளருக்குப் பலம். ஆனால் நீதிமன்றம் போய்த்தான் அதை வாங்க வேண்டியிருந்தது என்பதையும் மனதில் வையுங்கள்.

எக்ஸ்சேஞ்சைத் தேர்ந்தெடுக்கும்போது, நிதி உளவுப் பிரிவில், அதாவது எஃப்ஐயு இந்தியாவில், பதிவு செய்திருக்கிறதா என்று பாருங்கள். இது பணமோசடித் தடுப்புச் சட்டத்துக்கான பதிவு, உங்கள் பணத்துக்கான உத்தரவாதம் இல்லை. என்றாலும் பதிவுகூட இல்லாத இடத்தில் கால் வைக்க வேண்டாம்.

முதல் தடவை இப்படிச் செய்யலாம். உங்கள் பெயரிலுள்ள வங்கிக் கணக்கிலிருந்து 1,000 ரூபாய் மட்டும் அனுப்புங்கள். வாங்குவதற்கு முன் வாங்கும் விலை, விற்கும் விலை இரண்டையும் ஒரே நேரத்தில் பாருங்கள்; "உடனே வாங்கு" பொத்தானில் 103க்கு வாங்கி அதே நொடியில் 100க்குத்தான் விற்க முடியும் என்றால் நுழையும்போதே 3 சதவீதம் போய்விட்டது. வாங்குபவர்களும் விற்பவர்களும் கேட்கும் விலைகளைக் காட்டும் ஆர்டர் புத்தகத்தில் விலை குறித்து வாங்குவது பெரும்பாலும் மலிவு. வாங்கியதில் பாதியை அன்றே விற்று, ரூபாயை வங்கிக்குத் திரும்ப எடுங்கள். எத்தனை நாளில் வருகிறது, என்னென்ன பிடித்தார்கள் என்று எழுதிவையுங்கள். போடுவது எல்லா ஆப்பிலும் நொடியில் முடியும், எடுப்பதில்தான் ஒரு இடத்தின் தரம் தெரியும்.

முன்பின் தெரியாதவருக்கு நேரடியாகக் காயினை விற்று அவர் கணக்கிலிருந்து ரூபாய் வாங்கும் வழியைத் தவிருங்கள். அவர் அனுப்பும் பணம் எங்கோ ஏமாற்றிப் பறித்ததாக இருந்தால், புகார் வரும் நாளில் போலீஸ் முடக்குவது உங்கள் வங்கிக் கணக்கை.

தொகை பெரிதாகிவிட்டால் எக்ஸ்சேஞ்சிலிருந்து சொந்த வாலட்டுக்கு, அதாவது சாவி உங்களிடமே இருக்கும் டிஜிட்டல் பணப்பைக்கு, மாற்றலாம். அங்கே 12 அல்லது 24 சொற்கள் கொண்ட ஒரு மீட்புத் தொடர் கொடுப்பார்கள். அதுதான் சாவி. தாளில் எழுதி இரண்டு இடத்தில் வையுங்கள். போட்டோ எடுக்காதீர்கள், மின்னஞ்சலில், வாட்ஸ்அப்பில் வைக்காதீர்கள். தொலைத்தால் மீட்டுத் தர எந்த அலுவலகமும் இல்லை. யார் கேட்டாலும், வாடிக்கையாளர் சேவை என்று சொல்லிக் கேட்டாலும், கேட்பவர் திருடர்தான். மாற்றும்போது முதலில் மிகச் சிறிய தொகையை அனுப்பி வந்து சேர்ந்ததா என்று பாருங்கள். அனுப்பும் வலைப்பின்னலும் (நெட்வொர்க்) பெறும் வலைப்பின்னலும் ஒன்றாக இருக்க வேண்டும். மாறிப்போனால் காயின் திரும்பாமலே போகலாம்.

டெலிகிராம் குழுவில் சேர்த்து, தினம் 2 சதவீதம் லாபம் காட்டும் ஆப் பற்றி ஒரு வார்த்தை. திரையில் தெரியும் தொகை வெறும் எழுத்து. முதலில் சிறு தொகையை எடுக்க விடுவார்கள், நம்பிக்கை வந்தபின் பெரிய தொகை போடுவீர்கள், எடுக்கப் போகும்போது "வரி கட்டினால்தான் தருவோம்" என்பார்கள். வருமான வரியை எந்த எக்ஸ்சேஞ்சும் முன்பணமாகக் கேட்டு வாங்காது. அந்த இடத்திலேயே நிறுத்தி 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவுக்குப் பணம் வழியில் நிறுத்தப்பட வாய்ப்பு.

விற்பதை முன்பே எழுதிவையுங்கள்

விலை ஆடும்போது எடுக்கும் முடிவுகள் பெரும்பாலும் தவறாகவே போகின்றன. ஏறும்போது ஆசை, விழும்போது பயம். அதனால் வாங்கும் அன்றே ஒரு தாளில் எழுதலாம். எதற்காக வாங்குகிறேன். எத்தனை ஆண்டு. எந்த நிலையில் விற்பேன். விலைக்கு மட்டும் நிபந்தனை வைக்காமல் காரணத்துக்கும் வையுங்கள்: அச்சிடும் விதியை மாற்றினால், பணம் எடுப்பதை நிறுத்தினால், நடத்துபவர்கள் தங்கள் பங்கை விற்கத் தொடங்கினால் வெளியேறுவேன் என்பதுபோல.

ஏறினாலும் கணக்கு உண்டு. ஐந்து லட்சம் சேமிப்பில் 25,000 பிட்காயின் என்றால் 5 சதவீதம். அது மூன்று மடங்காகி 75,000 ஆனால், மொத்தம் 5,50,000இல் கிட்டத்தட்ட 14 சதவீதம். நீங்கள் தாங்குவதாக ஒப்புக்கொண்ட சரிவைவிட இப்போது தலைக்கு மேல் இருப்பது பெரிது. பழையபடி 5 சதவீதத்துக்குக் கொண்டுவர 47,500க்கு விற்க வேண்டும். அதில் வாங்கிய விலை 15,833 போக லாபம் 31,667, வரி சுமார் 9,880 ரூபாய். வரி வலிக்கிறது என்று விற்காமல் விடுபவர்கள் பலர். விற்பதா, கூடுதல் ஆட்டத்தை ஏற்றுக்கொள்வதா என்பது உங்கள் முடிவு. ஆனால் இரண்டு எண்களையும் பார்த்துவிட்டு எடுங்கள்.

அந்தத் தாளில் கடைசியாக இன்னொன்றையும் எழுதுங்கள்: எந்த எக்ஸ்சேஞ்ச், எந்த மின்னஞ்சல், வாலட் எங்கே, மீட்புத் தொடர் எழுதிய தாள் எந்தப் பெட்டியில். சொற்களை இந்தத் தாளில் எழுத வேண்டாம், இருக்கும் இடத்தை மட்டும் குறியுங்கள். வங்கிக் கணக்கைத் தேடிக் கண்டுபிடிக்கக் குடும்பத்துக்கு வழி இருக்கிறது. சொந்த வாலட்டில் இருக்கும் பிட்காயினை, அப்படி ஒன்று இருப்பதே தெரியாத மனைவியாலோ கணவனாலோ பிள்ளைகளாலோ ஒருநாளும் எடுக்க முடியாது. தாள் இருக்கும் இடத்தை வீட்டில் ஒருவருக்காவது காட்டிவிட்டு முதல் ரூபாயை அனுப்புங்கள்.